ஒரே சாலை, இரண்டு பெயர்: ஆக்ஸ்ஃபோர்டு கட்ஸ்லோ மதில்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

நோக்கம்

சொந்த வீட்டுக்காரர்களும் உள்ளாட்சியின் வாடகை வீடுகளில் குடியிருப்போரும் அக்கம்பக்கமாக வாழும் இடங்களில் எழும் பிணக்குகளைப் பேசுவோர், சத்தம், குப்பை, பிள்ளைகளின் ஆட்டம், வண்டி நிறுத்தும் இடம் என்ற அன்றாடச் சச்சரவுகளிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறார்கள். இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்வின் தொடக்கம் வேறு. இரு தரப்பினரும் ஒருவரையொருவர் அறிந்து பழகுவதற்குப் போதிய காலம்கூடக் கிடைக்காத நிலையில், ஒரு நில விற்பனையும் அதை ஒட்டி எழுந்த வணிக அச்சமும் அவர்களுக்கிடையே செங்கல் மதிலாக நின்றன. அந்த மதிலை அகற்ற ஒரு நகராட்சிக்குக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. வீட்டுவசதித் துறையில் பணியாற்றுவோரும், குடியிருப்போர் நலச் சங்கங்களை நடத்துவோரும், புதிய வளாகங்களுக்குத் திட்ட அனுமதி வழங்கும் அதிகாரிகளும் இந்த நிகழ்வை நிதானமாகப் படிக்கவேண்டும் என்பதே இதை எழுதுவதன் நோக்கம். தொடர்புடைய தனிமனிதர்களின் பெயர்களும் கட்டுமான நிறுவனத்தின் பெயரும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு, பல்கலைக்கழக நகரம் என்ற நிலையிலிருந்து தொழில் நகரமாகவும் மாறிக்கொண்டிருந்தது. நகரின் கிழக்கே கௌலியில் இயங்கிய கார் ஆலைகள், வேலையற்றுக் கிடந்த வேல்ஸ் நிலக்கரிப் பகுதிகள் உட்பட நாட்டின் பல பாகங்களிலிருந்து தொழிலாளர்களை ஈர்த்தன. வந்தவர்களுக்கு வீடு போதவில்லை. நகருக்குள் இருந்த பழைய, நெரிசலான குடியிருப்புகளும் இடிக்கப்படவேண்டிய நிலையில் இருந்தன. இத்தகைய குடியிருப்புகளை அகற்றி, அங்கே வாழ்ந்தோரை வேறிடத்தில் குடியமர்த்தும் உள்ளாட்சிகளுக்கு அரசு மானியம் வழங்க 1930-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் வழிசெய்திருந்தது.

இந்தச் சூழலில்தான் ஆக்ஸ்ஃபோர்டு நகராட்சி, நகரின் வடக்கு எல்லையில் இருந்த கட்ஸ்லோ பகுதியில் நிலம் வாங்கி, 1931 முதல் ஏறத்தாழ 300 வாடகை வீடுகளைக் கட்டியது. அவற்றில் குடியேறியோரில் பெரும்பாலோர் வாடகையை ஒழுங்காகச் செலுத்தக்கூடிய உழைப்பாளிக் குடும்பத்தினர். இடிக்கப்பட்ட பழைய குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள் அவர்களில் ஒரு சிறு பகுதியினரே.

1933-இல் நகராட்சி, தன் குடியிருப்புக்கு மேற்கே மீந்திருந்த நிலத்தைத் தனியார் கட்டுமான நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. இந்த விற்பனையின் நில அமைப்பை வாசகர் மனத்தில் பதித்துக்கொள்வது அவசியம். கடைகளும் பேருந்துகளும் இருந்த பான்பரி சாலை இன்னும் மேற்கே, அந்தத் தனியார் நிலத்துக்கு அப்பால் ஓடியது. ஆகவே விற்கப்பட்ட நிலம், வாடகைக் குடியிருப்புக்கும் அதன் அன்றாடத் தேவைகளுக்கும் நடுவே அமைந்தது. நகராட்சியின் ஆல்ட்ரிச் சாலை மேற்கே நீண்டு, நிறுவனத்தின் பகுதியில் வென்ட்வொர்த் சாலை என்ற பெயரைப் பெற்றது. வுல்சி சாலை அதேபோல் கார்ல்டன் சாலையாயிற்று. நடந்து செல்பவருக்கு அவை நேராகச் செல்லும் இரண்டு தெருக்கள்தான்.

மதில் எழுந்த விதம்

தனியார் பகுதியில் வீடுகள் விற்பனைக்கு வந்த காலம், இங்கிலாந்தில் நடுத்தர வருமானக் குடும்பங்கள் வீட்டுக்கடன் சங்கங்களின் உதவியோடு முதன்முறையாகப் பெருமளவில் சொந்த வீடு வாங்கத் தொடங்கிய காலம். மாதந்தோறும் தவணை கட்டும் ஒரு குடும்பத்துக்கு அந்த வீடே வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அடங்கிய ஒரே சொத்து. அதன் விலை குறையக்கூடும் என்ற பேச்சு காதில் விழுந்தாலே அவர்கள் கலங்குவது இயல்பு. அந்தக் கலக்கத்தை இழிவாகப் பேசுவது நேர்மையாகாது. ஆனால், அண்டையில் வாடகைக்கு இருப்போர் அனைவரையும் சேரிவாசிகள் என்று ஒரே சொல்லில் அடைத்து, அந்தச் சொல்லைக் கொண்டே ஒரு பொதுவழியை அடைக்க முடிவெடுத்தவர் வீடு வாங்கியவர் அல்லர், விற்றவர் என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். பழைய குடியிருப்புகளிலிருந்து வந்தவர்களைப் பக்கத்தில் குடியமர்த்தினால் தன் வீடுகள் விலைபோகமாட்டா என்று நிறுவனத்தின் தலைமை அஞ்சியது.

1934 டிசம்பரில், இரு பகுதிகளும் சந்திக்கும் எல்லையில், இரண்டு சாலைகளுக்கும் குறுக்கே செங்கல் மதில்கள் எழுந்தன. அவற்றின் உயரம் இரண்டு மீட்டருக்கும் அதிகம். யாரும் ஏறிக் குதித்துவிடாதபடி மேல்விளிம்பில் இரும்பு முட்கள் பொருத்தப்பட்டன. சாலையின் ஒரு பாதியில் நின்று பார்த்தால் மறுபாதியின் கூரைகள் மட்டுமே தெரியும்.

இதன் நேரடி விளைவு, வாடகைக் குடியிருப்பினர் பான்பரி சாலையை அடைய 600 மீட்டருக்கு மேல் சுற்றிச் செல்லவேண்டியிருந்தது. வரைபடத்தில் இது சிறிய தொலைவாகத் தோன்றலாம். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகும் தாய்க்கும், ஆலையில் நாள் முழுவதும் நின்று வேலை பார்த்துவிட்டுப் பேருந்திலிருந்து இறங்கும் தொழிலாளிக்கும், இருமல் தீராத முதியவருக்கும், மழையிலும் பனியிலும், ஒவ்வொரு நாளும், போகவும் வரவும் அந்தச் சுற்று என்றால் அதன் பாரம் வேறு. அதற்கும் மேலாக, தங்கள் தெருவின் முனையில் முள்வைத்த மதில் நிற்பது எதைச் சொல்கிறது என்பது அங்கிருந்த குழந்தைக்கும் விளங்கியிருக்கும்.

எதிர்ப்பும் முதல் தோல்வியும்

1934-ஆம் ஆண்டிலேயே கௌலியில் கார் உடற்பாகங்கள் செய்யும் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்து, தொழிலாளர்கள் சங்கமாகத் திரளத் தொடங்கியிருந்தனர். அந்த வேலைநிறுத்தத்தில் முன்நின்ற பொதுவுடைமைக் கட்சி அமைப்பாளர் ஒருவர் மதில் பிரச்சினையையும் கையிலெடுத்தார். 1935 மே 11 அன்று ஏறத்தாழ 2,000 பேர் மதிலை இடிப்பதற்காகத் திரண்டனர். காவல்துறையினர் தடுத்து நின்றதால் அன்று ஒரு செங்கல்லும் விழவில்லை.

இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், மக்கள் போராட்டம் சட்டத்தின் முன் தோற்றது என்பது. என் கணிப்பு வேறு. அந்தப் போராட்டம் மதிலை ஆக்ஸ்ஃபோர்டுக்கு வெளியேயும் அறியச் செய்தது. அதன் பிறகு அந்த மதிலைத் தெரியாததுபோல் விட்டுவிட நகராட்சியால் இயலவில்லை. ஆனால் நகராட்சியிடம் இல்லாதிருந்தது மனவுறுதியைக் காட்டிலும் முக்கியமான ஒன்று: மதில் நின்ற கீற்று நிலத்தின்மீது உரிமை. நிலத்தை விற்றபோது, இரு பகுதிச் சாலைகளும் என்றென்றும் தடையின்றி இணைந்திருக்கவேண்டும் என்பதைச் சட்டத்தால் நிறைவேற்றத்தக்க நிபந்தனையாக நகராட்சி பிடித்து வைத்திருந்தால், மதிலின் முதல் வரிசைச் செங்கல் வைக்கப்பட்ட வாரத்திலேயே அதை நிறுத்தியிருக்கமுடியும்.

1938: நகராட்சியின் அவசர முடிவு

பொறுமை இழந்த நகராட்சி, 1938 ஜூன் மாதம் தன் ஆட்களை அனுப்பி மதில்களை இடித்தது. மதில்கள் பொதுச்சாலையை மறிக்கும் தடைகள் என்பதே நகராட்சியின் நிலைப்பாடு. குடியிருப்போர் மகிழ்ந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் நிறுவனம் மதில்களை மறுபடியும் எழுப்பியது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. சட்டப்படியான அதிகாரமின்றி நகராட்சி இடித்தது தவறு என்றே தீர்ப்பாயிற்று.

இந்த முடிவை எடைபோடும்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மூன்றரை ஆண்டுகள் மக்கள் சுற்றி நடந்துகொண்டிருந்தனர். அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய கடமை நகராட்சிக்கு இருந்தது. அதே வேளையில், உரிமையை முறைப்படி பெறாமல் இடித்ததன் விலை, நிறுவனத்தின் கையில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு கிடைத்ததுதான். அதுவரை ஒரு வியாபாரியின் விருப்பமாக இருந்த மதில், அதற்குப் பிறகு சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற மதிலாயிற்று. குடியிருப்போர் தரப்பில் நின்று வாதாடும் எவரும் இந்தக் கட்டத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டும். நியாயம் தெளிவாக இருப்பதாலேயே நடைமுறையைத் தாண்டிச் செல்லலாம் என்ற எண்ணம், அந்த நியாயத்தையே இன்னும் இருபது ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது.

போர்க்காலத்தில், 1943-இல், அந்த வழியே வந்த இராணுவ டாங்கி ஒன்று மதில்களில் ஒன்றில் மோதி அதை உடைத்தது. நாடே ஒன்றுபட்டு நின்றதாகச் சொல்லப்பட்ட அந்த ஆண்டிலும், உடைந்த பகுதி மறுபடி கட்டப்பட்டது.

1959: மதில்கள் அகற்றப்பட்டமை

இறுதியில் பயன் தந்தது, யாருடைய நினைவிலும் நிற்காத, அலுவலக மேசையில் நடந்த வேலை. மதில்கள் நின்ற கீற்று நிலங்களை நகராட்சி 1,000 பவுண்டு கொடுத்துத் தன் உடைமையாக்கிக்கொண்டது. 1959 மார்ச் 9 அன்று மதில்கள் இடிக்கப்பட்டன. இம்முறை நகராட்சி தன் சொந்த நிலத்தில் நின்ற மதிலையே இடித்ததால், வழக்குத் தொடுக்க யாருக்கும் இடமில்லை. 2006-இல் ஆல்ட்ரிச் சாலை வீடு ஒன்றில் இந்த வரலாற்றைச் சொல்லும் நீலப் பலகை பதிக்கப்பட்டது.

சாலைகள் திறந்தாலும் பெயர்கள் மாறவில்லை. ஆல்ட்ரிச் சாலை இன்றும் முன்பு மதில் நின்ற இடம்வரைதான். அதற்கப்பால் அது வென்ட்வொர்த் சாலை. 2018-இல் சாலைக்குப் புதிய தார் இடும் வேலை நடந்தபோது, வென்ட்வொர்த் சாலையின் நீளம் முழுவதும் புதுப்பிக்கப்பட்டு, பழைய மதில் நின்ற எல்லையிலேயே வேலை நின்றுபோனது. ஒரு பக்கம் வழவழப்பான புதிய தளம், மறுபக்கம் விரிசலோடிய பழைய தளம். நடுவில் கோடு போட்டது போன்ற எல்லை. அதைக் கண்டு அங்குள்ளோர் வேதனைப்பட்டது செய்தியாயிற்று. யாரும் திட்டமிட்டு அவமதித்திருக்கவேண்டியதில்லை. பதிவேட்டில் இரண்டு பெயர்களாக இருக்கும் வரை ஒரே தெரு இரண்டு தெருக்களாகவே நடத்தப்படும் வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கிறது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் லண்டனில்

கட்ஸ்லோவைப் பழங்கதை என்று ஒதுக்கிவிடாதிருக்க, இன்னொரு நிகழ்வைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். 2019 மார்ச்சில், தெற்கு லண்டனின் லாம்பெத் பகுதியில், முன்னாள் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் இடத்தில் 2016-இல் கட்டிமுடிக்கப்பட்ட 149 வீடுகள் கொண்ட வளாகத்தைப் பற்றி 'தி கார்டியன்' நாளிதழ் செய்தி வெளியிட்டது. அங்கே சமூக வாடகைக் குடும்பங்களின், அதாவது சந்தை வாடகையைவிடக் குறைந்த வாடகையில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள், வளாகத்தின் முதன்மையான விளையாட்டு இடங்களுக்குள் செல்லமுடியாதிருந்தது. மதிலுக்குப் பதிலாக அங்கே இருந்தது, நுழைவழி விடாத புதர்வேலி. திட்ட அனுமதிக்குப் பின் வடிவமைப்பு மாற்றப்பட்டு வழி அடைபட்டிருந்தது. வாடகைப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டது, மிகச் சிறு குழந்தைகளுக்கு மட்டுமே ஏற்ற ஒரு கீற்று இடம். பொது இடங்கள் எல்லாக் குடியிருப்போருக்கும் உரியவை என்று வீடுகளை விற்கும்போது விளம்பரம் செய்யப்பட்டிருந்தது.

இங்கே கவனிக்கத்தக்கது, சொந்த வீட்டுக்காரர்களில் சிலரும் வாடகைக் குடும்பங்களோடு சேர்ந்து இந்தத் தடைக்கு எதிராகக் குரல் கொடுத்தனர் என்பது. பிள்ளைகள் ஏற்கெனவே நண்பர்களாக இருந்தார்கள். தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் பகையோ தொந்தரவோ அன்று. வாடகைப் பிரிவினர் அந்த இடத்தின் பராமரிப்புக் கட்டணத்தில் பங்கு செலுத்துவதில்லை என்ற கணக்கு. நம் ஊர் அடுக்ககங்களில் 'மெயின்டனன்ஸ்' என்று மாதாமாதம் வசூலிக்கிறார்களே, அதே கட்டணம்தான். வீட்டுவசதி அமைச்சராக இருந்த ஜேம்ஸ் புரோக்கன்ஷயரும் லண்டன் மேயர் சாதிக் கானும் வெளிப்படையாகக் கண்டித்த பின்னர் அந்தத் தடை நீங்கியது. 2021-இல் வெளியான லண்டன் பெருந்திட்டம், புதிய வளாகங்களின் விளையாட்டு இடங்கள் சொந்த வீடு, வாடகை வீடு என்ற அடிப்படையில் பிரிக்கப்படக்கூடாது என்று எழுத்தில் விதித்தது. ஒரு குழந்தைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் விளையாட்டு இடம் வேண்டும் என்ற அளவும் அதே கொள்கையில் உள்ளது.

என்ன மாறவேண்டும்

இரு நிகழ்வுகளிலும் பிரிவினையை உண்டாக்கியது, வீடுகளில் ஆள் குடியேறுவதற்கு முன்பு அல்லது குடியேறிய தொடக்கத்தில், குடியிருப்போரைக் கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவு. ஆகவே பிணக்கு முற்றிய பிறகு இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவதை மட்டும் நம்பியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பேச்சு நல்லதுதான், ஆனால் பேசித் தீர்க்கக்கூடிய அதிகாரம் அங்கே அமர்ந்திருக்கும் இரு தரப்பாரிடமும் இருப்பதில்லை.

பொது நிலத்தை உள்ளாட்சி விற்கும்போது, வழிகளும் திடல்களும் அனைவருக்கும் திறந்திருக்கும் என்ற கட்டுப்பாடு நிலத்தோடு பிணைக்கப்படவேண்டும். 1933-இல் இல்லாத வசதி இன்று இங்கிலாந்தில் உண்டு: 1990-ஆம் ஆண்டின் நகர்ப்புற, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி கட்டுமான நிறுவனம் ஒப்பந்தமாக ஏற்கும் கடமைகள், அந்த நிலம் பின்னர் யார் கைக்கு மாறினாலும் அவர்களையும் கட்டுப்படுத்தும். சமூக வாடகை வீடுகளின் எண்ணிக்கையை இந்த ஒப்பந்தத்தில் எழுதும் அதே கவனத்தோடு, வேலியின் வாயில்கள் எங்கே இருக்கும், அவற்றின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதவேண்டும். விளம்பரத் தாளில் தரும் வாக்குறுதிக்கு இந்த வலிமை கிடையாது.

அனுமதி கிடைத்த பிறகு செய்யப்படும் திருத்தங்கள் தனிக் கவனத்துக்குரியவை. அதே சட்டம் சிறு திருத்தங்களுக்கு எளிய நடைமுறையை வைத்திருக்கிறது. ஒரு சன்னலின் இடம் மாறுவதற்கு அது தேவைதான். ஆனால் வேலியில் இருந்த ஒரு வாயிலை நீக்குவது வரைபடத்தில் ஒரு கோட்டை நீட்டுவதாகவே தோன்றும். அதைச் சரிபார்க்கும் அதிகாரி, அந்தக் கோட்டுக்கு இரு புறமும் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்ற விவரத்தையும் கேட்டுப் பெறவேண்டும். நீதிமன்றத்தை நம்பி இதை விட்டுவிடமுடியாது. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இனம், மதம், பாலினம், மாற்றுத்திறன் முதலிய காரணங்களால் காட்டப்படும் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஒருவர் வாடகை வீட்டில் இருக்கிறார் என்பதையோ ஏழை என்பதையோ அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது பணம் பற்றிய கேள்வி. சொந்த வீட்டுக்காரர்களின் மனக்குறையைப் பொய் என்று தள்ளிவிடக்கூடாது. பிரிட்டனின் போட்டிச் சந்தை ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-22-இல் பதினொரு பெரிய கட்டுமான நிறுவனங்கள் விற்ற புதிய வீடுகளில் 80 விழுக்காடு, வளாகப் பராமரிப்புக் கட்டணத்துக்கு உட்பட்டவை. முன்பு உள்ளாட்சி ஏற்றுப் பராமரித்த சாலையும் பூங்காவும் இப்போது வீட்டுக்காரர்களின் தலையில் இறங்கியிருக்கின்றன. தவணையும் கட்டி, வரியும் கட்டி, அதற்கு மேல் இந்தக் கட்டணத்தையும் கட்டுபவர், பங்கு தராதவர் பயன்படுத்துகிறார் என்று கேள்விப்பட்டால் மனம் கசப்பது புரிகிறது. ஆனால் பங்கு தராதவர் வாடகைக் குடும்பம் என்று காட்டப்படும் இடத்தில்தான் கசப்பு தவறான வாசலுக்குப் போகிறது. அந்தக் குடும்பத்திடம் யாரும் பங்கு கேட்டதே இல்லை. கேட்பதா விடுவதா என்று ஒப்பந்தத்தில் தீர்மானித்தவர்கள் கட்டுமான நிறுவனமும், அதனிடமிருந்து அந்த வீடுகளை வாங்கி வாடகைக்கு விடும் வீட்டுவசதிச் சங்கமும்.

சங்கத்துக்கும் இதில் ஓர் இக்கட்டு இருக்கிறது. 2011-இல் அறிமுகமான 'கட்டுப்படியாகும் வாடகை' முறையில், வாடகை, சந்தை வாடகையின் 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அந்த உச்சவரம்புக்குள் பராமரிப்புக் கட்டணமும் அடங்கிவிடுகிறது. திடலின் செலவில் பங்கேற்றால் அந்தத் தொகை சங்கத்தின் வருவாயிலிருந்தே போகும் என்பதால், தனி வாசல், தனிக் கீற்று, தனிக் கணக்கு என்று விலகி நிற்பது அதற்கும் வசதியாகிவிடுகிறது. சங்கம் அந்த வீடுகளை நிறுவனத்திடமிருந்து வாங்கும்போது பேசும் விலையிலேயே திடலுக்கான பங்கு கணக்கிடப்பட்டு, வீடுகளின் எண்ணிக்கைக்கேற்ற விகிதத்தில் 106-ஆம் பிரிவு ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டும். லண்டன் பெருந்திட்டத்தின் விதி திடலைப் பிரிக்கக்கூடாது என்று சொல்கிறது. அதன் செலவு எந்தக் கணக்கில் எழுதப்படும் என்பதைச் சொல்லவேண்டிய பொறுப்பு, ஒவ்வொரு வளாகத்துக்கும் அனுமதி அளிக்கும் உள்ளாட்சியிடம் இருக்கிறது.